மூடிய கைக்கு ஒரு பிடி

விரிக்க முடியாமல் மடங்கிப்போன ஒரு கைக்கு, அந்த மடங்கிய வடிவத்துக்கே பொருந்துகிற பிடி ஒன்றைச் செய்து கொடுப்பது உதவியா, கெடுதலா? பன்னிரண்டு வயதில் நான் அப்படி ஒன்றைச் செய்தேன். இன்று எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால் நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டில் சைக்கிள் நின்றால், அது பள்ளிக்கூடம் போவதற்கு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அது தண்ணீருக்கு. எங்கள் சைக்கிளின் பின்பக்கம் இரண்டு புறமும் குடம் மாட்டக் கொக்கி வைத்திருந்தோம். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணன் திருச்சுழி ரோட்டில் ஊர் எல்லையைத் தாண்டி ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போவான். எனக்குப் பன்னிரண்டு என்றால் அவனுக்குப் பதினாலு. நான்கு குடமும் நிரம்பிய சைக்கிளை ஓட்ட முடியாது, தள்ளித்தான் வர வேண்டும். அவன் ஓட்டினான். ஒரு இறக்கத்தில் குடம் ஆட, சைக்கிள் சாய, அவன் வலது கை அடியில் போனது.

அப்பா பரளச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் கிறிஸ்தவ சபையில் செயலாளரும் அவர்தான். எதையும் முறைப்படி செய்கிறவர். சின்ன வயதில் அவருக்கே ஒரு முறை கை முறிந்து, எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிச் சரியாகிவிட்டதாம். ஆகவே அண்ணனையும் அப்படி ஒருவரிடம் கூட்டிப் போனார். கட்டு இறுக்கமாக இருந்தது. விரல் மதமதவென்று இருக்கிறது என்று அண்ணன் சொன்னான். இறுக்கமாக இருந்தால்தான் எலும்பு சேரும், பொறுத்துக்கொள் என்றார் அப்பா. மறுநாள் விரல் எரிகிறது என்றான். அதற்கு அடுத்த நாள் ஒன்றும் தெரியவில்லை என்றான். வலி போய்விட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், ஜெபத்தில் நன்றியும் சொன்னோம். நான்காம் நாள் அம்மா அவன் நகங்களைப் பார்த்துவிட்டு யாரையும் கேட்காமல் தையல் கத்தரிக்கோலால் கட்டை வெட்டித் திறந்தாள்.

மதுரை டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் ஓடாமல் உள்ளே சதை சுருங்கிவிட்டது, அதனால்தான் விரல்கள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக்கொண்டன என்றார். பயிற்சி சொல்லிக் கொடுத்தார். காலையும் மாலையும் வெந்நீரில் கையை வைத்து, எண்ணெய் தடவி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி, ஒரு தட்டைப் பலகையில் வைத்துத் துணியால் கட்டி இரண்டு மணி நேரம் விட வேண்டும். மார்ச் மாதம் வரச் சொன்னார். அதற்குள் ஒரு டம்ளரைச் சுற்றிப் பிடிக்கிற அளவுக்கு விரல் விரிந்தால் ஆபரேஷன் வேண்டாம். விரியாவிட்டால் ஆபரேஷன், அதிலும் கை பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

அன்றிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்காத டம்ளராக ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா அதை அண்ணன் கையில் வைத்துப் பார்ப்பார். விரலுக்கும் டம்ளருக்கும் சண்டை நடக்கும். அப்பா டம்ளரைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

அண்ணன் வெளியே போவதை நிறுத்தினான். பள்ளிக்கூடத்தில் இடது கையால் கோணல்மாணலாக எழுதினான். வலது கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள் இருக்கும். பந்தல்குடியில் மைக் செட் வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, இதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை வரும்போது ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். மதுரையில் பழைய சாமான் விற்கிற தெருவில் வாங்கியதாம். டிவியில் மாட்டி ஆடுகிற விளையாட்டு. கூட இரண்டு ரிமோட். இன்றைக்கு வேறு பெயர் சொல்கிறார்கள், அன்று எங்களுக்கு அது ரிமோட்தான். ஒன்று நன்றாக இருந்தது. மற்றது பலபேர் கைபட்டுத் தேய்ந்து, எழுத்தெல்லாம் அழிந்து, அமுக்கினால் ஒரு முறை கேட்கும், ஒரு முறை கேட்காது.

"ஏம்ல மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? எந்திரி. ஒங்க அப்பா வர்றதுக்குள்ள நாலு பேரைச் சுட்டுட்டு உக்காருவோம்" என்றார் மாமா.

மாமா செய்த தப்பு என்னவென்றால், அந்த விளையாட்டுக்கு இரண்டு கட்டைவிரல் வேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை. இடது கட்டைவிரலால் திசையைத் திருப்ப வேண்டும், வலது கட்டைவிரலால் சுட வேண்டும், குதிக்க வேண்டும். அண்ணன் ரிமோட்டைத் தரையில் வைத்து இடது கையாலேயே இரண்டையும் செய்து பார்த்தான். திரையில் அவனுடைய சின்ன மனிதன் பள்ளத்தின் முன்னால் வந்து நின்று யோசிப்பான், பிறகு உள்ளே விழுவான். நான் இரண்டு முறை ஜெயித்தேன். மூன்றாம் முறை வேண்டுமென்றே தோற்றேன். அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ரிமோட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "பொருட்காட்சியில நின்னுக்கிட்டு ஆடுனமே ஒரு பெட்டி, அதுல இருந்த மாதிரி ஒரு கம்பு இருந்தா, ஒங்க எல்லாரையும் அடிச்சிருவேன்."

போன வருஷம் மதுரைப் பொருட்காட்சியில் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்திருந்தோம். பீரோ உயரம், இடுப்பளவில் ஒரு பலகை, அதில் உருண்டைத் தலை வைத்த கம்பும் பெரிய பெரிய பொத்தான்களும். கம்பைப் பிடித்து எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் ஆள் போவான். பிடிப்பதற்குக் கை விரிய வேண்டாம். மூடினால் போதும். அண்ணன் கை ஏற்கெனவே மூடித்தானே இருக்கிறது. எனக்கு அன்று வந்த யோசனை அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நானாக யோசித்த முதல் யோசனை அது என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் மின்சார மணி எப்படி அடிக்கிறது என்று அப்போதுதான் நடத்தியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில் தேய்ந்த ரிமோட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு பச்சைத் தகடு, அதன் மேல் கறுப்புப் பொட்டு வைத்த ரப்பர். பொட்டுக்கு நேர் கீழே தகட்டில் இரண்டு கோடுகள், சீப்புக்குள் சீப்பு நுழைந்த மாதிரி, ஆனால் ஒன்றையொன்று தொடாமல். பார்த்தால் ஏதோ பெரிய ரகசியம் போல இருந்தது. அடுத்த வாரம் மாமா வந்தபோது அதைக் காட்டினேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு கோடும் ஒட்டுனா மேல போவான். இந்த ரெண்டும் ஒட்டுனா கீழ போவான். அவ்வளவுதேன் பாப்பா. ஒங்க வீட்டு லைட்டு சுவிட்சுதேன், வெளிநாட்டுல செஞ்சதுனால கொஞ்சம் மினுக்கா இருக்கு."

மாமா சீரியல் பல்பு மாலைகளுக்கு ஈயம் வைத்து ஈயம் வைத்துப் பழகியவர். ஆனால் அந்தக் கோடுகள் அவர் விரலுக்கு மிகச் சின்னவை. கோடுகளின் மேலிருந்த கறுப்புப் பூச்சைச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது. பாதி பிளேடை வைத்து, செம்பு நிறம் தெரிகிற வரைக்கும் சுரண்டுவது என் வேலையாக இருந்தது. மூன்று சனிக்கிழமை ஆனது. இடையில் ஒரு கோட்டை அறுத்தேவிட்டேன். மாமா தலைமுடி அளவு கம்பி ஒன்றை வைத்துப் பாலம் போட்டார். ஒவ்வொரு திசைக்கும் ஒரு கோடு தனி, மறுகோடு எல்லாவற்றுக்கும் பொது என்று அவர்தான் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தார். அதனால் வேலை பாதியானது.

ஸ்பீக்கர் பெட்டிக்கு வெட்டிய மீதிப் பலகையில் மாமா ஒரு பெட்டி அடித்தார். மடியில் வைத்தால் தொடையை அமுக்குகிற கனம். சாதாரண ரிமோட்டில் திசை இடப்பக்கம் இருக்கும், நாங்கள் அதை வலப்பக்கம் வைத்தோம். இடது கைக்கு இரண்டு காலிங் பெல் சுவிட்ச், வெள்ளை நிறம், நடுவில் மணிப்படம் போட்டது. ஆட்டத்தைத் தொடங்குகிற பொத்தானுக்குச் சுவிட்ச் தீர்ந்துபோனதால் இரண்டு கம்பி முனைகளை அப்படியே வெளியே நீட்டிவிட்டோம். ஒன்றையொன்று தொடவைத்தால் ஆட்டம் தொடங்கும். கம்பின் அடியில் ஒரு ஆணி, ஆணியைச் சுற்றிப் பவுடர் டப்பாவில் வெட்டிய நான்கு தகடுகள். விட்டதும் கம்பு நடுவுக்கு வர சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி இழுத்துக் கட்டினோம்.

கம்புதான் பிரச்சினை. மில்லில் கழித்துப் போட்ட மரப் பாபின் ஒன்று பக்கத்து வீட்டில் கிடந்தது. நூல் சுற்றுகிற கட்டை, அடியில் பருமன், மேலே போகப் போக ஒல்லி. எந்த இடத்தில் வெட்டினால் அண்ணன் கைக்குச் சரியாக இருக்கும் என்று தெரிய வேண்டும். கேட்டால் கையைக் காட்ட மாட்டான். ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மூடிய விரல்களுக்குள்ளே ஒரு நூலை மெதுவாக நுழைத்து, அந்த இடைவெளியைச் சுற்றி அளந்தேன். உள்ளங்கை சூடாக இருந்தது. சின்னப் பறவை ஒன்றின் கூட்டுக்குள் விரலை விட்ட மாதிரி இருந்தது. நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து, பாபினில் அந்த அளவு சரியாக வருகிற இடத்தில் கோடு போட்டேன். மாமா அங்கேயே அறுத்தார்.

முதல் தடவை மாட்டியபோது மேலே என்றால் கீழே போனது, இடது என்றால் குதித்தது. அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், எதற்கு என்று கேட்காமல் உள்ளே போய்விட்டாள். கம்பிகளை மாற்றி வைத்ததும் பாபினை அவன் கையில் கொடுத்தேன். கை அதைச் சுற்றி அப்படியே உட்கார்ந்தது. இழுக்க வேண்டாம், நீட்ட வேண்டாம், வலிக்கவில்லை. அவனுடைய மனிதன் பள்ளத்தைத் தாண்டினான்.

அடுத்து வந்த மூன்று வாரமும் எங்கள் வீடு பொருட்காட்சியாக இருந்தது. தெருப் பிள்ளைகள் நல்ல ரிமோட்டோடு வரிசையில் உட்காருவார்கள், அண்ணன் ஒவ்வொருவராகத் தோற்கடிப்பான். "ஏலே, பெட்டிய மாத்திக்கிருவமா?" என்று ஒருவன் கேட்டான். "மாத்திக்கிருவோம். கையையும் சேத்து மாத்திக்கிறயா?" என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். கால்சட்டைப் பையிலிருந்து கை வெளியே வந்து எல்லார் முன்னாலும் இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

இன்னொன்றும் மறந்தது. மாலை நேரத்துப் பலகை. காலையில் அப்பா முன்னால் கட்டிக்கொள்வான், மாலையில் கட்ட மாட்டான். அப்பாவின் பஸ் வருகிற நேரத்துக்கு அவசரமாகத் துணியைச் சுற்றிக்கொண்டு, வெகு நேரமாக உட்கார்ந்திருப்பது போல முகத்தை வைத்துக்கொள்வான். வாசலில் நின்று பஸ் வருவதைப் பார்த்துச் சொல்வது நான். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது அது தப்பாகவே தெரியவில்லை. டம்ளர் அந்த மூன்று ஞாயிறும் கொஞ்சம் கூட நகரவில்லை. அதற்கும் நான் செய்த பெட்டிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சோளமும் இல்லை, கொத்தமல்லியும் இல்லை. இருந்தாலும் பண்டிகையை நிறுத்த முடியாதே. சந்தையில் வாங்கிய பூசணியும் வாழைத்தாரும் படைத்து, கொடுத்த விளைச்சலுக்காக நன்றி சொல்வதாக ஏற்பாடு. எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் என்று எது வந்தாலும் அது ஆண்டவருக்கு. கொடியில் காய்த்த முதல் பூசணி, கோழி இட்ட முதல் முட்டை, தறியில் அறுத்த முதல் துண்டு, வேலைக்குப் போன பிள்ளையின் முதல் சம்பளம். முதற்பலன் என்பார்கள். அப்பா எங்கள் வீட்டில் அதை ஒரு முறை கூடத் தவறவிட்டதில்லை.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, சபை வேலையாக அப்பா காலையிலேயே வெளியே போயிருந்தார். பஸ்ஸில் வரவில்லை, நடந்து வந்தார். நான் வாசலில் இல்லை. உள்ளே அண்ணன் ஆடிக்கொண்டிருந்தான், பக்கத்தில் மாமா, நான். பலகை துணியோடு மூலையில் கிடந்தது.

அப்பா செருப்பைக் கழற்றாமலே நின்றார். திட்டவில்லை. அண்ணன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது ஆச்சரியமாகப் பார்ப்பது போல இருந்தது. ஆகவே எழுந்து பெருமையோடு விளக்கினேன். நூலை உள்ளே விட்டு அளந்ததை, பாபினில் சரியான இடத்தைக் கண்டுபிடித்ததை, மடங்கின கைக்கு அச்சு அசலாகப் பொருந்துவதை. "ஒரு நூல் கூட வித்தியாசம் இல்லப்பா" என்றேன்.

அவர் குனிந்து பாபினைத் தன் கையால் பிடித்துப் பார்த்தார். அவர் விரல்கள் அதைச் சுற்றிப் போய் உள்ளங்கையைத் தொட்டன. அவ்வளவு ஒல்லி அது.

"யாரு செஞ்சா?"

"நாந்தான். மாமா ஈயம் மட்டும் வச்சாக."

"நீ கையால செஞ்ச முதல் சாமானாம்மா இது?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆறாம் வகுப்பில் ஒரு கைக்குட்டை தைத்திருந்தேன், ஓரத்தில் பூ போட்டு, மதிப்பெண்ணும் வாங்கினேன். முதல் சாமான் அதுதான். அதைச் சொல்லியிருந்தால் பெட்டி தப்பித்திருக்கும். அப்பா அதுவரை நான் செய்த எதையும் தொட்டுப் பார்த்துக் கேட்டதில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப இது நம்மளது இல்ல" என்றார் அப்பா. "நாளைக்குப் படைச்சிருவோம்."

மாமாதான் முதலில் பேசினார். "அத்தான், கர்த்தருக்கு டிவி கேம் ஆட நேரமிருக்கா? பூசணிக்காய்க்கு நடுவுல இத வச்சா அவரே குழம்பிருவாரு."

அம்மா அடுப்படி வாசலில் நின்று, பிள்ளைக்கு இது ஒன்றுதானே இருக்கிறது, இதைப் போய் எதற்கு என்று மெல்லக் கேட்டாள். முறை என்றால் முறைதான் என்றார் அப்பா. கையைப் பாபினிலிருந்து எடுக்க அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரல்கள் சீக்கிரம் விடாது.

ஞாயிறு காலை கோயிலில் வரிசையாகப் போய்க் காணிக்கை வைத்தார்கள். நான் பெட்டியைத் தூக்கக் கை நீட்டினேன். அண்ணன் என்னைத் தாண்டி அதைத் தூக்கிக்கொண்டான். இடது கையால் அணைத்து, வலது கையை அடியில் கொடுத்து, நடுவழியில் மெதுவாக நடந்தான். பெரியவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அத்தனை மாதமும் அவன் மறைத்து வைத்த கை. அவன் யாரையும் பார்க்கவில்லை. இது என்ன என்று போதகர் குனிந்து கேட்டார். பிள்ளையின் கைவேலை என்றார் அப்பா. போதகர் காலிங் பெல் சுவிட்சைத் தயக்கத்தோடு ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, வாழைத்தாருக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆம், சந்தோஷம்தான். இன்றுவரை எனக்குக் கூசுகிற விஷயம் அது ஒன்றுதான்.

படைத்த சாமான்கள் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற சபை போர்டிங்குக்குப் போவது வழக்கம். அங்கே டிவி கிடையாது. இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது வாசலில் மணிப்படம் போட்ட வெள்ளை சுவிட்ச் ஒன்றைப் பார்த்தேன். அமுக்கினேன். உள்ளே எங்கோ மணி அடித்தது. ஓடி வந்துவிட்டேன்.

அண்ணன் பலகையைக் கட்டிக்கொண்டான், காலையும் மாலையும், யாரும் சொல்லாமல். டிவி விளையாட்டை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். தெருப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கை மறுபடி பைக்குள் போனது. வெந்நீரில் விரலை நீட்டும்போது முன்பெல்லாம் முனகுவான், இப்போது அதுவும் இல்லை. அப்பா இழுப்பார், அவன் ஜன்னலைப் பார்ப்பான். டம்ளர் விரலுக்குள் ஒரு ஞாயிறு கொஞ்சம் நுழைந்தது, அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம்.

மார்ச் மாதம் மதுரைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். டாக்டர் தன் மேஜை மேலிருந்த கண்ணாடி டம்ளரையே எடுத்துக் கொடுத்தார். அண்ணன் பிடித்தான். முழுதாக இல்லை, ஆனால் கீழே விழவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றார். அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் மட்டும் இனி இப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னார் டாக்டர்.

பிறகு என்னென்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார். அப்பா வரிசையாக ஒப்பித்தார். டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "பலகை நல்லதுதான், விட்டுடாதீங்க. ஆனா அதோட, பையனுக்குப் பிடிச்சதா எதையாவது பிடிச்சு ஆட்டச் சொல்லுங்க. பந்து, கம்பு, எதுவா இருந்தாலும் சரி. கொஞ்சம் கொஞ்சமாப் பருமனைக் கூட்டிக்கிட்டே போகலாம். மனசு வேற எங்கயாவது இருக்கும்போதுதான் கை தானா வேலை செய்யும்."

அப்பா சரி என்றார். அண்ணனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. நடுவில் அண்ணன், அந்தப் பக்கம் அப்பா. பஸ் மதுரையைத் தாண்டியதும் அப்பா அண்ணனின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பயிற்சி நேரம் ஆகிவிட்டது போலும் என்று நினைத்துக் கவனித்தேன். காரியாபட்டி தாண்டியும் அவர் ஒரு விரலைக் கூட நீட்டவில்லை. மூடிய கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் மூடி வைத்துக்கொண்டு எதிர் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எப்போதும் முறைப்படி செய்கிறவர் இன்று மறந்துவிட்டார் என்று நினைத்து, "அப்பா, விரல இழுக்கவே இல்லையே" என்று ஞாபகப்படுத்தினேன்.

"இன்னைக்கு வேண்டாம்மா" என்றார் அப்பா.

அண்ணன் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அப்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்று, ஒரு வார்த்தையும் காதில் விழாத எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சலிப்புடன் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் அண்ணனிடமே கேட்டேன். அவன் இப்போது வெளியூரில் கணக்கராக இருக்கிறான், இரண்டு கையாலும் எழுதுவான். பெட்டியைக் கொடுத்தது சரிதான் என்றான், கொடுத்திருக்காவிட்டால் பலகையைத் தொட்டிருக்க மாட்டேன் என்றான். நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், அந்த வருஷம் முழுவதிலும் தனக்கு ஞாபகம் இருப்பது அந்த மூன்று வாரம்தான் என்றும் சொன்னான். அப்பாவிடம் கேட்க முடியவில்லை. கேட்க நினைத்த காலத்தில் அவர் இல்லை.

இப்போது என் மகள் பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறாள். விரல்களில் கொஞ்சம் வலுக் குறைவு, பயிற்சி கொடுத்தால் வந்துவிடும் என்கிறார் டாக்டர். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வட்டம் போடும்போது இவள் தாளைக் கிழித்துவிட்டு அழுகிறாள். முஷ்டியாலேயே பிடித்து எழுதுகிற மாதிரி தடிமனான ரப்பர்ப் பிடி ஒன்று கடையில் கிடைக்கிறது. அதை மாட்டினால் இன்றைக்கே அவள் வட்டம் போடுவாள், சிரிப்பாள். மாட்டினால் விரல் சோம்பிவிடுமோ என்றும் இருக்கிறது. வாங்கி வந்து நான்கு நாளாகிறது. அவளுக்குத் தெரியாமல் என் கைப்பையில் வைத்திருக்கிறேன். எடுக்கிறேன், வைக்கிறேன். என் கணவர் உன் இஷ்டம் என்கிறார், அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், இப்படி ஒரு கையோடு வளர்ந்தவர்களும் இருக்கலாம். நீங்களாக இருந்தால் அந்தப் பிடியைக் கொடுப்பீர்களா, கொடுக்க மாட்டீர்களா? கொடுத்தால் எப்போது திரும்ப வாங்குவீர்கள், வாங்கும்போது பிள்ளையிடம் என்ன காரணம் சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். திங்கட்கிழமை அவள் மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும்.